இரண்டரை சென்டிமீட்டர்

போன மாசம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் மறுபடியும் வந்தது. மறுபடியும்னு சொல்லக் காரணம், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எங்கிருந்தாவது அது மிதந்து வந்துவிடும். வெள்ளைப் பின்னணி. அதில் ஒரே அளவான சின்னச் சின்னக் கனசதுரங்கள், சாய்வான வரிசைகளில், ஒன்றை ஒன்று தொடாமல். பச்சை, ஊதா, ஆரஞ்சு, வெளிர்மஞ்சள், ரத்தச் சிவப்பு. இந்தத் தடவை "கம்ப்யூட்டர் வரைந்தது, நிஜம் இல்லை" என்ற குறிப்பையும் யாரோ ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

அது தப்பு. கத்தியால் வெட்டி, அடுக்கி, கேமராவில் எடுத்த படம்தான். நெதர்லாந்தின் டி ஃபோல்க்ஸ்கிரான்ட் நாளிதழ் உணவு சம்பந்தமான புகைப்படச் சிறப்பிதழுக்காகக் கேட்டு, 2014ல் லெர்னெர்ட் எங்கல்பெர்ட்ஸ், சாண்டர் ப்ளக் என்ற ஆம்ஸ்டர்டாம் இரட்டையர் செய்து கொடுத்தது. பதப்படுத்தாத உணவுப் பொருள்கள் 98. காய், பழம், கிழங்கு, கூடவே மீன், இறைச்சி. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு கனசதுரம், ஒவ்வொரு பக்கமும் 2.5 செ.மீ. படத்தின் பெயரும் 'கனசதுரங்கள்' என்பதுதான்.

அம்மாவிடம் காட்டினேன். "பர்ஃபியாடா?" என்றாள் முதலில். பெரிதாக்கிக் காட்டியதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிவியைக் கண்டுபிடித்தாள். ஊதா முட்டைக்கோஸைக் கண்டுபிடித்தாள். வெள்ளைச் சதையில் எள் தூவினது மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி "இது அந்த டிராகன் பழம்தானே" என்றாள். கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "அது சரி, மிச்சத்த என்னடா பண்ணினாங்க?"

பல வருஷமாக இந்தப் படத்தைப் பற்றி ஏதாவது எழுதணும்னு குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். ஐசோமெட்ரிக் அடுக்கு, கண்ணோட்டமே இல்லாத வெளி, நிழலின் அளவு என்று ரெண்டு பக்கம். இந்த ஒரு கேள்வி அதில் எங்கேயும் இல்லை. அதனால் பழைய குறிப்புகளை ஓரம் கட்டிவிட்டு, அம்மாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் படத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். இது நல்ல படம். சும்மா அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. தோலையும் உருவத்தையும் எடுத்துவிட்டால் ஒரு காயை நாம் எதை வைத்து அடையாளம் காண்கிறோம் என்று அது நம்மைச் சோதிக்கிறது. கத்தரிக்காயை நமக்கு அதன் ஊதாத் தோலாலும் காம்பாலும் தெரியும். தோலைச் சீவிவிட்டால் அது வெளுத்த பஞ்சு. நான் இதுவரை ஏழெட்டு பேரிடம் காட்டியிருக்கிறேன், ஒருத்தர் விடாமல் பெயர் சொல்லும் ஆட்டம் ஆடினார்கள். ஆடிக்கொண்டே போகும்போது பலருக்கு ஒரு சின்ன சங்கடம் வருவதையும் பார்த்தேன். தினமும் தின்கிற பொருளின் உள்பக்கம் தெரியாமல் போகிறதே என்று.

இன்னொன்று, கனசதுரத்துக்கு மூன்று முகம் தெரிகிறது. ஊதா முட்டைக்கோஸில் அந்த மூன்று முகத்திலும் இலை மடிப்பு மூன்று விதமாக ஓடுகிறது. ஒரு முகத்தில் நெளிகோடு, அடுத்ததில் கிட்டத்தட்ட நேர்கோடு. ஒரே இலைதான், வெட்டின திசை மட்டும் வேறு. மருத்துவமனையில் ஸ்கேன் படம் பார்ப்பது மாதிரி. அந்த ஒரு துண்டுக்காகவே இந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

இனி கணக்கு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரிய கணக்கு இல்லை.

2.5 செ.மீ. பக்கம் உள்ள கனசதுரத்தின் கொள்ளளவு 15.6 கன செ.மீ. 98 துண்டுக்கும் சேர்த்தால் சுமார் 1,530. அதாவது ஒன்றரை லிட்டர். படத்தில் இருக்கிற மொத்த உணவும் ஒரு நடுத்தரக் குக்கரில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒன்றரை லிட்டருக்கு எவ்வளவு வாங்க வேண்டியிருக்கும்? உருண்டையான காயிலிருந்து இந்த அளவு கனசதுரம் எடுக்க, காயின் விட்டம் குறைந்தது 4.33 செ.மீ. இருக்கணும். மிகச் சரியாக அந்த விட்டத்தில் ஒரு காய் கிடைத்தாலும், அதில் கனசதுரமாகத் தேறுவது 37 சதவீதம்தான். மீதி 63 சதவீதம் சீவல். இது மிகச் சிக்கனமான நிலைமை. தர்பூசணியிலிருந்து ஒரு துண்டு எடுத்தால் சதவீதம் பேசுவதற்கே ஒன்றுமில்லை. உருளை வடிவக் காய் என்றால், கேரட் மாதிரி, தடிமன் 3.54 செ.மீ. வேண்டும். இது பிதகோரஸ் சொல்கிற கணக்கு, ஓவியர்கள் மேல் குறை இல்லை. வட்டத்துக்குள் சதுரம் உட்கார்ந்தால் நாலு பக்கமும் மிச்சம் நிற்கத்தான் செய்யும்.

அம்மா கேட்டதற்கு இது பாதி பதில்தான். மீதிப் பாதிக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கூடையோடு உட்கார்ந்தேன். ஸ்கேல், நல்ல கத்தி, பலகை. கூடையில் அந்த வாரத்துக்கு 17 வகை இருந்தது. எத்தனையில் 2.5 செ.மீ. கனசதுரம் வருகிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

வெண்டை, பீன்ஸ், அவரை, முருங்கை: பேச்சே இல்லை, அந்தத் தடிமனே கிடையாது. சின்ன வெங்காயமும் அப்படியே. கீரையைச் சொல்லவே வேண்டாம். புடலையும் பாகலும் வெளியிலிருந்து பார்க்கத் தடியாகத்தான் இருக்கின்றன, உள்ளே விதையும் பஞ்சும் வெற்றிடமும். தக்காளி கத்தி பட்டதுமே உட்கார்ந்துவிட்டது. அதன் உள்ளே அறைகள், அறைக்குள் சாறு, சுவர்கள் போனால் கட்டடம் இல்லை. ஆக 9 போச்சு. தேறினது சேனை, பரங்கி, உருளை, பீட்ரூட், முட்டைக்கோஸ், பெரிய வெங்காயம், ஒரே ஒரு கொழுத்த கேரட், ஒரு கத்தரிக்காய். இதில் வெங்காயம் ஏடு ஏடாகப் பிரிந்தது, பல் குத்தும் குச்சியை உடைத்து உள்ளே சொருகினேன். கத்தரி, நான் ஜன்னலோரம் வெளிச்சம் பார்த்து வைப்பதற்குள் பழுப்பாகிவிட்டது.

எட்டுத் துண்டுகளை வெள்ளைத் துணிமேல் அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த அளவுகோல் நடுநிலையானது இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவு என்றதும் ஏதோ நியாயம் மாதிரித் தோன்றுகிறது. ஆனால் 2.5 செ.மீ. என்று முடிவு செய்த நிமிஷமே பாதி உலகம் வெளியே போய்விடுகிறது. அரிசி வராது, பட்டாணி வராது, பயறு வராது, தனி இலை எதுவும் வராது. சதைப்பற்று உள்ளது, கெட்டியானது, பெருத்தது மட்டும்தான் உள்ளே. 98 வகை என்ற எண்ணைப் பார்த்து 'உணவு உலகமே இதில் இருக்கிறது' என்று நம் மனசு எண்ணிக்கொள்கிறது. அப்படி இல்லை. இது கனசதுரமாக ஒத்துக்கொண்டவற்றின் கூட்டம். ஒத்துக்கொள்ளாதவை படத்தில் இல்லாததால், அவை விடுபட்டது தெரியவும் வழியில்லை.

இது ஓவியத்தோடு நிற்கிற பிரச்சினை இல்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். அதே ஐரோப்பாவில் வெள்ளரிக்காய்க்குச் சட்டம் இருந்தது. 1988ல் வந்த விதி: முதல் தர வெள்ளரி 10 செ.மீ. நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது. கேட்டால் சிரிப்பு வரும், பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதை வைத்து வருஷக்கணக்கில் சிரித்தார்கள். ஆனால் விதியில் ஒரு வியாபாரத் தர்க்கம் இருந்தது. நேரான காயைப் பெட்டியில் அடுக்குவது சுலபம், பெட்டியைத் திறக்காமலே உள்ளே எத்தனை என்று சொல்லிவிடலாம். 2009 ஜூலை 1 முதல் வெள்ளரி உட்பட 26 வகைக் காய்பழங்களுக்கு இந்த மாதிரித் தர விதிகளை எடுத்துவிட்டார்கள். ஆப்பிள், தக்காளி, ஆரஞ்சு மாதிரி அதிகம் விற்கிற பத்து வகைக்கு மட்டும் விதி தொடர்ந்தது.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே. காகவா மாகாணத்தின் ஸென்ட்சூஜி என்ற ஊரில் 1970களின் கடைசியிலிருந்து சதுரத் தர்பூசணி விளைவிக்கிறார்கள். பிஞ்சாக இருக்கும்போதே பெட்டிக்குள் வைத்துவிடுவது. அது வளர்ந்து பெட்டியின் வடிவத்துக்கு வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் உருளாமல் நிற்கும் என்பது ஆரம்ப யோசனை. இன்று அது 10,000 யென் அளவில் விலை போகிற காட்சிப் பொருள். பழுக்கும் முன்பே பறிப்பதால் தின்ன லாயக்கில்லை. கடை ஜன்னலில் மாசக்கணக்கில் வைக்கலாம். வடிவம் கிடைத்தது, பழம் போச்சு.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். லெர்னெர்ட்டும் சாண்டரும் இந்த ஒழுங்கைக் கும்பிடுகிற ஆட்கள் இல்லை. 2012ல் அந்த ஒரு வருஷம் சந்தைக்கு வந்த வாசனைத் திரவியங்களில் சுமார் 1,400ஐச் சேகரித்து எல்லாவற்றையும் ஒரே புட்டியில் கலந்து 'எல்லாம்' என்று பெயர் வைத்தவர்கள். அதற்கு முந்தின வருஷம், 365 நாள் போடவேண்டிய முகப்பூச்சை ஒரு மாடலின் முகத்தில் ஒரே நாளில் அடுக்கடுக்காகப் பூசிப் படம் எடுத்தவர்கள். நுகர்வின் தர்க்கத்தை அதன் கடைசி எல்லை வரை, முகத்தில் சிரிப்பே காட்டாமல் கொண்டுபோய் நிறுத்துவது இவர்கள் வேலை. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 'கனசதுரங்கள்' ஒரு கிண்டல். உங்களுக்கு ஒரே அளவாகத்தானே வேண்டும், இந்தாங்க.

ஆனால் வாசனைப் புட்டியிலும் முகப்பூச்சிலும் அபத்தம் நம் கண்முன்னாலேயே நடக்கிறது. அந்த முகம் கடைசியில் விகாரமாகிறது, பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசைகிறது. கனசதுரத்தில் அப்படி எதுவும் நடக்காது. அது கடைசிவரை சுத்தமாகவே இருக்கிறது. சீவல்கள், சாறு, பழுத்துப்போன கத்தரி எல்லாம் சட்டகத்துக்கு வெளியே. அதனால்தான் உலகமெல்லாம் அதை 'மனசுக்கு இதமா இருக்கு' என்று பகிர்ந்துகொள்கிறார்கள். கிண்டல் செய்யப்பட்டவரே அதை வாழ்த்தட்டையாக அனுப்பினால் கிண்டல் எங்கேயோ பிசகிவிட்டது என்றுதானே அர்த்தம். என் முதல் குறை இதுதான்.

சரி, காய்கனியில் வடிவக் கணிதம் என்றாலே கத்தி வேண்டுமா? வேண்டாம் என்று 1963லேயே ஒருத்தர் சொல்லிவிட்டார். இத்தாலிய வடிவமைப்பாளர் புருனோ முனாரி, 'நல்ல வடிவமைப்பு' என்று மிலானில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஆரஞ்சுப் பழத்தை ஒரு தொழிற்சாலைப் பொருளாகப் பாவித்து மதிப்புரை எழுதுவதுதான் விளையாட்டு. ஒரு மைய அச்சைச் சுற்றி ஒரே மாதிரியான பொட்டலங்கள். ஒவ்வொன்றும் வாயில் போடுகிற அளவு. வெளியே கெட்டியான உறை, இரண்டுக்கும் நடுவில் அடிபடாமல் காக்க மெத்தை. முனாரியின் சாமர்த்தியம் என்னவென்றால், பழத்தைத் தொடாமலே அதன் வடிவக் கணிதத்தைப் பேசிவிடுகிறார். அவர் பேச்சைக் கேட்டபின் ஆரஞ்சை உரிக்கும்போதெல்லாம், இதைவிடச் சரியாகப் பங்கு பிரிக்க முடியுமா என்று எனக்குத் தோன்றும். ஆரஞ்சைக் கனசதுரமாக வெட்டுகிறவர் அந்தப் பங்குப் பிரிப்பை ஒரு வெட்டில் அழிக்கிறார்.

கத்தியோடு வேலை செய்தும் இதை அழிக்காதவர் ஒருவர் இருக்கிறார். துருக்கியில் 1965ல் பிறந்து ஹாம்பர்கில் வாழும் ஷாகிர் கொக்செபா. இவரும் வெள்ளைப் பின்னணிக்காரர்தான், ஆப்பிள், தர்பூசணி என்று சாதாரணச் சந்தைப் பொருள்தான். ஆனால் தோலைத் தூக்கி எறிய மாட்டார். தர்பூசணிக் கீற்றுகளை அவர் அடுக்கும்போது படத்தில் கோடு போடுவது அந்தப் பச்சைத் தோலின் வளைவு. வளைவு பழத்தினுடையது. அவர் செய்வது, எங்கே நிறுத்தி எங்கே அடுத்ததைத் தொடங்குவது என்று முடிவெடுப்பது மட்டும். நம்ம அரிவாள்மனையில் காய் நறுக்குவதற்கும் பலகையில் வைத்து நறுக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். பலகையில் காய் சும்மா கிடக்கும், கத்தி மேலிருந்து வரும். அரிவாள்மனையில் கத்தி சும்மா நிற்கும், காயைத்தான் திருப்பித் திருப்பிக் கொண்டுபோகணும், காயின் வளைவைக் கை பின்தொடரணும். அதில் கனசதுரம் வெட்ட நானும் முயற்சி செய்தேன். அம்மா பார்த்துவிட்டு அரிவாள்மனையைப் பிடுங்கிக்கொண்டாள்.

கொக்செபாவிடம் எனக்குச் சலிப்பு தட்டுகிற இடமும் உண்டு. பத்துப் படம் தொடர்ந்து பார்த்தால் சாமர்த்தியம் முன்னால் வந்து நின்றுவிடும். ஓஹோ, இப்படி ஒரு வித்தையா என்று தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறோம். பதினோராவது படத்தில் பழம் இல்லை, வித்தைதான் இருக்கிறது.

இந்த இடத்தில் 400 வருஷம் பின்னால் போகிறேன். காரணம், காயையும் பழத்தையும் வைத்து நான் பார்த்ததிலேயே மிகக் கறாரான வடிவக் கணிதம் அங்கேதான் இருக்கிறது, அதில் கிட்டத்தட்ட வெட்டே கிடையாது. ஸ்பெயினின் டொலேடோவில் இருந்த ஹுவான் சான்செஸ் கோட்டான் 1602 வாக்கில் வரைந்த எண்ணெய் ஓவியம். இப்போது அமெரிக்காவில் சான் டியாகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரே பட்டியல்தான்: சீமை மாதுளை, முட்டைக்கோஸ், முலாம்பழம், வெள்ளரிக்காய்.

ஒரு கல் ஜன்னல். உள்ளே கும்மிருட்டு. இடது மேல் மூலையில் சீமை மாதுளை ஒரு நூலில் தொங்குகிறது. அதற்குச் சற்றுக் கீழே, வலப்பக்கம் தள்ளி, முட்டைக்கோஸ் இன்னொரு நூலில். அதற்கும் கீழே ஜன்னல் விளிம்பில் வெட்டிய முலாம்பழம், அப்புறம் அதன் கீற்று, கடைசியில் வெள்ளரி. நாலும் சேர்ந்து மேலிருந்து கீழே ஒரு வளைவு போடுகின்றன. வளைவு இடது மேலே ஆரம்பித்து வலது கீழே நம் பக்கம் வந்து முடிகிறது. வெள்ளரியின் நுனி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, கல்மேல் நிழல் போடுகிறது. கைநீட்டினால் எடுத்துவிடலாம். அந்த வளைவைப் பரவளைவு, அதிபரவளைவு என்றெல்லாம் கணக்குப் பாடப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். எந்தப் பெயரானாலும் சரி, ஒரு புள்ளியை நகர்த்தினால் படம் விழுந்துவிடும் என்று பார்க்கும்போதே தெரிகிறது.

இதை ஆன்மிகமாக வாசிக்கிற பழக்கம் ஒன்று உண்டு. கோட்டான் 1603ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கார்த்தூசியத் துறவியர் சபையில் சேர்ந்துவிட்டார், புலால் உண்ணாத சபை அது, அதனால் இது துறவியின் சைவ ஓவியம் என்பார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. கிளம்பும் முன் அவர் எழுதி வைத்த உடைமைப் பட்டியலிலேயே இந்த மாதிரி ஓவியங்கள் வந்துவிடுகின்றன. வேட்டைப் பறவைகள் தொங்குகிற சரக்கறை ஓவியமும் அதே 1602ல் அவர் வரைந்திருக்கிறார், மாட்ரிடில் பிராடோவில் இருக்கிறது. சரக்கறை என்பதுதான் இங்கே முக்கியமான சொல். அந்தக் கல் ஜன்னல் சரக்கறை ஜன்னல். காயையும் பழத்தையும் நூல் கட்டித் தொங்கவிட்டது ஓவியத்துக்காகக் கண்டுபிடித்த உத்தி இல்லை. தரையில் வைத்தால் அழுகும், எலி வரும், காற்றில் தொங்கினால் நாள் தாங்கும் என்பதால் வீடுகளில் செய்த வழக்கம். நம் வீட்டில் உறி கட்டினது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இந்த வடிவக் கணிதம் எங்கிருந்து வந்தது? நூல் செங்குத்தாக நிற்கிறது, காரணம் புவியீர்ப்பு. முட்டைக்கோஸ் தாழ்வாகத் தொங்கும்படி நூலின் நீளத்தை முடிவு செய்தது ஓவியர். முட்டைக்கோஸ் முட்டைக்கோஸாகவே இருக்கிறது, வெளி இலை விரிந்து, நரம்பு புடைத்து. கணிதம் காய்க்குள் போகவில்லை, காய்களுக்கு நடுவே இருக்கிறது. எதுவும் தன் உருவத்தை விட்டுக்கொடுக்காமல் ஒரு ஒழுங்கில் வந்து நிற்க முடிகிறது. கத்தி பட்டது முலாம்பழம் ஒன்றில்தான். அதிலும் வெட்டின பழமும் இருக்கிறது, வெட்டி எடுத்த கீற்றும் பக்கத்திலேயே இருக்கிறது, விதை வரைக்கும் தெரிகிறது.

இந்தக் கீற்றைப் பற்றி நான் முன்பு யோசித்ததே இல்லை. அம்மா கேட்டபிறகு அந்த ஓவியத்தைத் திறந்து வைத்துப் பார்த்தபோதுதான் அதன்மேல் கண் நின்றது. வளைவுக்கு அந்தக் கீற்று தேவை, அது இல்லாவிட்டால் முலாம்பழத்திலிருந்து வெள்ளரிக்கு ஒரு தாவல் விழும். வெட்டி எடுத்ததையே வைத்து ஓவியர் அந்த இடைவெளியை நிரப்பியிருக்கிறார்.

'கனசதுரங்கள்' படத்துக்குத் திரும்பினால், அதை இப்போது நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ரசிப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பிடித்த துண்டுகள் மாறிவிட்டன. சரியாக அமைந்த துண்டுகள், அந்த வழவழப்பான நாலைந்து கிழங்குகள், பெயின்ட் கடை வண்ண அட்டை மாதிரித் தெரிகின்றன. எந்த ஊரில் விளைந்தது, எந்தக் கை பறித்தது என்று கேட்க அதில் ஒரு பிடிமானமும் இல்லை. கனசதுரமாக முழுசாக ஒத்துக்கொள்ளாத துண்டுகளிடம்தான் கண் போய் நிற்கிறது. மடிப்பு மடிப்பான ஊதா முட்டைக்கோஸ். விதைகளின் வட்டம் பாதியில் அறுபட்டு நிற்கிற கிவி. அந்தத் துண்டுகளில் வெட்டுக்கு வெளியே ஒரு வட்டம் இருந்தது, அது தொடர்ந்து போனது என்று தெரிகிறது. மிச்சத்தைக் காட்டாத படத்தில் மிச்சத்தின் ஞாபகம் அந்த ரெண்டு மூணு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 98 துண்டும் அப்படி இருந்திருந்தால் இது பெரிய படமாக இருந்திருக்கும். இப்போதைக்கு, நல்ல படம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் எட்டுக் கனசதுரத்துக்குச் சேர்ந்த சீவல் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வந்தது. அம்மா கிண்ணத்தையும் துணிமேல் இருந்த துண்டுகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனாள். பீட்ரூட்டை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்தாள், சாம்பார் சிவந்துவிடும் என்று. வெங்காயத்தில் சொருகின குச்சியை நான் ஓடிப்போய் எடுத்தேன், இல்லாவிட்டால் யார் தொண்டையிலாவது போயிருக்கும். மத்தியானம் கதம்ப சாம்பார். பரங்கி கரைந்துவிட்டது, உருளையில் மூலை மழுங்கிவிட்டது, எது கனசதுரம் எது சீவல் என்று தெரியவில்லை. சேனை மட்டும் நாலு பக்கமும் விறைத்துக்கொண்டு என் தட்டில் வந்து விழுந்தது. கடித்தால் நடுவில் வேகவில்லை.

"இவ்ளோ பெருசா வெட்டினா எப்படிடா வேகும்" என்றாள் அம்மா.